நீலகிரியில் வயிற்றுப் பூச்சி எத்தனை பேருக்கு இருக்கிறது?

கேட்டவர் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, இப்போது குடும்பத்தோடு குன்னூரில் இருப்பவர். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "மலையில் குளிர் அதிகம், அதனால் வயிற்றுப் பூச்சித் தொல்லை சமவெளியை விடக் குறைவு என்கிறார்கள். உண்மையா? நீலகிரியில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கும்? பையனுக்குப் பள்ளியில் வருஷம் இரண்டு தடவை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், அது தேவையா? அம்மாவுக்கு 52 வயது, கூடலூரில் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இருக்குமா?"

நான் மலைப்பகுதி ஆய்வகங்களில் நுண்ணோக்கியில் மலப் பரிசோதனை பார்த்தே காலத்தை ஓட்டியவன். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அம்மாவைப் பற்றிய கேள்விதான். ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மற்ற கேள்விகளைத் தாண்டித்தான் வரவேண்டும்.

முதலில் சதவீதம். நீலகிரி முழுவதற்கும் சேர்த்து யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர் இருந்த மாவட்டம் இது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில். கூடலூர் ஆயிரம் மீட்டரை ஒட்டி. ஜனவரியில் ஊட்டியில் புல்மேல் உறைபனி படர்ந்திருக்கும். அதே நாளில் பந்தலூர்ப் பக்கம் மிளகுக்கொடியும் பாக்கு மரமும் நின்றுகொண்டிருக்கும். இந்த இரண்டு ஊர்களின் மண்ணிலும் ஒரே புழு ஒரே அளவில் பிழைக்காது. கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது எந்த ஊருக்கும் பொருந்தாத ஓர் எண்.

வயிற்றுப் பூச்சி என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. மண் வழியாகப் பரவும் புழுக்கள் மூன்று: நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்லும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க சுமார் 150 கோடிப் பேருக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது. குழந்தைகள் ராத்திரியில் ஆசனவாயைச் சொறிய வைக்கும் கீரிப்பூச்சி தனி ரகம், அது மண்ணை நம்பியே இல்லை. ஜியார்டியா, அமீபா போன்றவை புழுவே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரிகள். அவை தண்ணீர் வழியாக வருகின்றன. மலையின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் உள்ள வித்தியாசம் இந்த வகைகளில்தான் இருக்கிறது.

கொக்கிப்புழுவின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் விஷயம் இதில்தான் அடங்கியிருக்கிறது. தொற்று உள்ளவர் திறந்த வெளியில் மலம் கழிக்கும்போது முட்டைகள் மண்ணில் விழுகின்றன. நிழலும் ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிந்து குட்டிப்புழு வெளியே வரும். ஒரு வாரம் பத்து நாளில் அது தோலைத் துளைக்கும் பருவத்தை அடையும். அப்புறம் மண்ணின் மேற்பரப்புக்கு வந்து, யாராவது வெறுங்காலோடு மிதிக்கும் வரை காத்திருக்கும். நல்ல ஈரம் இருந்தால் சில வாரங்கள் உயிரோடு இருக்கும். கால்விரல் இடுக்கில் நுழையும்போது சிலருக்கு அரிப்பும் சின்னச் சின்னத் தடிப்பும் வரும், மழைக்காலச் சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உள்ளே போன புழு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலின் சுவரைக் கடித்துக்கொண்டு தங்கிவிடும். அங்கே வருஷக்கணக்கில் இருக்கும்.

இந்தக் குட்டிப்புழு நன்றாக வளர 25 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி மந்தமாகிவிடும். உறைபனியில் செத்துவிடும். வெயில் சுட்டெரிக்கும் காய்ந்த மண்ணிலும் தாங்காது. இப்போது ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். செடிகள் இடுப்பளவு நெருங்கி நிற்கின்றன. கீழே வெயில் படுவதில்லை. சருகு மூடிய மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்கிறது, ஆனால் மண் சில்லிட்டுப் போவதில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் காலையில் இருந்து சாயங்காலம் வரை அந்தச் செடிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். பறிக்கும் இடத்தில் இருந்து கழிப்பறை வெகுதூரத்தில் இருந்தால் அவசரத்துக்கு எங்கே போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கழிப்பறையும் குடிநீரும் கட்டாயம் என்றது. லைன் வீட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை கட்டிவிட்டால் சட்டம் நிறைவேறிவிட்டதாகக் கணக்கு எழுதலாம். ஆனால் கொக்கிப்புழுவுக்கு வசதியான இடம் வீட்டு வாசல் இல்லை, தோட்டத்துக்குள் இருக்கிற அந்த நிழல்தான்.

ஒரு சின்ன விஷயம். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து கணுக்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அட்டையோடு சேர்த்துக் கொக்கிப்புழுவிடம் இருந்தும் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. அட்டை குறைந்ததும் பூட்ஸைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு வெறும் செருப்போடு போவார்கள். மண்ணில் ஈரம் மட்டும் இன்னும் இருக்கும்.

குளிரால் பூச்சி குறையும் என்று சொல்பவர்கள் ஊட்டி, குந்தா, மேல் கோத்தகிரி பற்றிச் சொன்னால், கொக்கிப்புழு விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. ஆனால் உருண்டைப்புழுவுக்கு அது பொருந்தாது. அதன் முட்டைக்குத் தடித்த ஓடு. குளிரில் முட்டை வளராது, ஆனால் சாகவும் சாகாது. சூடு வரும்வரை அப்படியே கிடக்கும், ஈர மண்ணில் வருஷக்கணக்கில் தாங்கும். ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். சில வீடுகளில் கழிவு சரியாக வெளியேறாமல் தோட்டத்துக்குப் போனால் போதும், கேரட் பாத்தியில் அந்த முட்டைகள் கிடக்கும்.

பழனி மலையிலும் இதே தர்க்கம்தான். கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் மேலே இருக்கும் குளிர்ப் பகுதி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் காப்பியும் மலைவாழையும் விளையும் இளஞ்சூடான நிழல் காடு. பளியர், புலையர் குடியிருப்புகள் பலவும் இந்தக் கீழ் மலையில்தான். கொக்கிப்புழுவைத் தேட வேண்டுமென்றால் நான் கொடைக்கானல் ஏரியைச் சுற்றித் தேட மாட்டேன், காப்பிக் காட்டுக்குத்தான் போவேன்.

எண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டு மலைகளில் நன்றாக அளந்து பார்த்தது ஜவ்வாது மலை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அங்கே பல வருஷமாக வேலை செய்கிறது. 2013இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு ஒன்றில், மலைக் கிராமங்களில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது 39 சதவீதம் பேருக்கு மண்வழிப் புழுத் தொற்று இருந்தது. 38 சதவீதம் பேருக்கு இருந்தது கொக்கிப்புழு. உருண்டைப்புழு ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. பிற்பாடு, மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று சோதிக்கும் டிவார்ம்3 என்ற பெரிய ஆய்வு ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளோடு இந்தியாவிலும் நடந்தது. இந்தியப் பகுதியாக எடுத்துக்கொண்டவை ஜவ்வாது மலையும் சமவெளியில் திமிரியும். ஆரம்பக் கணக்கெடுப்பில் வயது விகிதத்துக்கு ஏற்பச் சரிசெய்த பிறகு 21 சதவீதம் பேருக்குத் தொற்று, கிட்டத்தட்ட எல்லாமே கொக்கிப்புழு. பெரும்பாலும் லேசான தொற்று. அதே வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் பள்ளிக் குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் சராசரி 7.8 சதவீதம்தான். அதிலும் சில பள்ளிகளில் பூஜ்யம், சில பள்ளிகளில் 20 சதவீதம் வரை.

இந்த மூன்று எண்களும் ஒரே வட்டாரத்துடையவை என்பதைக் கவனியுங்கள். யாரை எடுத்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து 8 என்றும் வரும், 21 என்றும் வரும், 39 என்றும் வரும். உயரத்திலும் நிழலிலும் கூடலூர், பந்தலூர் பகுதி ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில் வருகிறது. மழை அதைவிட அதிகம். அதனால் கூடலூர் ஓரத்தில் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும் பெரியவர்களிடம் கொக்கிப்புழு ஐந்தில் ஒருவருக்கு இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஊட்டி நகரத்துப் பள்ளிக் குழந்தைகளிடம் அந்த அளவு இருந்தால்தான் ஆச்சரியப்படுவேன். இது அளந்து சொன்னது இல்லை, புழுவின் குணத்தையும் ஜவ்வாது மலையின் எண்களையும் வைத்து நான் போடும் கணக்கு.

பெரியவர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் மண்ணில் விளையாடி, கையை வாயில் வைக்கும் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளிடம் அதிகம். கொக்கிப்புழு வயது ஏற ஏறக் கூடும், உழைக்கும் வயதில் உச்சத்தில் இருக்கும். கணக்கெடுப்பு என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போவதுதான் சுலபம். வரிசையாக உட்கார வைத்து டப்பாவைக் கொடுத்தால் மறுநாள் காலையில் மாதிரி வந்துவிடும். தோட்ட வேலைக்கு ஏழரை மணிக்குக் கிளம்பும் பெண்ணிடம் மலத்தைச் சேகரித்துக் கொடுங்கள் என்று கேட்பது அவ்வளவு சுலபமா? வெட்கம் ஒரு பக்கம், ஒரு நாள் கூலி போய்விடுமோ என்ற கவலை இன்னொரு பக்கம். ஆகவே கொக்கிப்புழு அதிகம் இருக்கிற கூட்டம் எப்போதும் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

பரிசோதனை முறையிலும் எண் மாறும். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. கணக்கெடுப்புகளில் பரவலாகப் பயன்படுவது காட்டோ-காட்ஸ் முறை. மலத்தைச் சல்லடையில் அழுத்தி, துளையிட்ட ஓர் அச்சில் நிரப்பி, சரியாக 41.7 மில்லிகிராம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். கிளிசரினில் ஊறிய பச்சை நிறச் செலோபேன் துண்டை மேலே போட்டு அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் மலம் தெளிந்து முட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். உருண்டைப்புழு முட்டை பழுப்பாக, மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும், அசையாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மிக மெல்லியது, உள்ளே நான்கைந்து செல்கள் பிரிந்து நிற்பது தெரியும். ஆனால் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் கிளிசரின் அந்த ஓட்டையும் தெளிய வைத்துவிடும், முட்டை கண்ணுக்கு மறைந்துபோகும். காலையில் தகடு போட்டு, டீ குடித்துவிட்டு வந்து மத்தியானம் பார்த்தால், அந்த ஊரில் கொக்கிப்புழு இல்லை என்று அறிக்கை எழுதலாம்.

மாதிரி வந்துசேரும் நேரமும் முக்கியம். பந்தலூருக்கு உள்ளே இருக்கிற ஒரு குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு எடுத்த மாதிரி, நடந்து, ஜீப் பிடித்து, ஆய்வகத்துக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். மறுநாள் பார்க்கும்போது கொக்கிப்புழு முட்டைகள் சில பொரிந்து குட்டிகள் நெளிந்துகொண்டிருக்கும். அனுபவம் இல்லாதவர் அதைப் பார்த்து ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற வேறொரு புழு என்று எழுதிவிடுவார். உண்மையான ஸ்ட்ராங்கிலாய்ட்ஸோ காட்டோ-காட்ஸில் பெரும்பாலும் அகப்படாது. முட்டையிடும் அளவும் நாளுக்கு நாள் மாறும், ஒரு மாதிரியில் இல்லாதது அடுத்த மாதிரியில் இருக்கலாம். டிஎன்ஏ முறையில் சோதித்தால் இதே ஊரில் சதவீதம் இன்னும் ஏறும். ஆக, மலை ஊர்களின் கணக்கில் கொக்கிப்புழு குறைவாகத் தெரிவதற்குத்தான் வாய்ப்புகள் அதிகம்.

சரி, எத்தனை பேருக்கு என்பதோடு ஒருவருக்கு எத்தனை புழு என்பதும் முக்கியம். இது புதுச் சிந்தனை இல்லை. 1920களிலேயே கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்தபடி இந்தியா முழுக்கக் கொக்கிப்புழுப் பரவலை ஆராய்ந்த ஏசா சாண்ட்லர், சதவீதத்தைவிட முட்டை எண்ணிக்கையைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார். ஊரில் நூறு பேருக்குத் தொற்று இருந்தால், அவர்களில் 15, 20 பேரின் வயிற்றில்தான் மொத்தப் புழுக்களில் பெரும்பங்கு இருக்கும். மற்றவர்களுக்கு இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்று புழுவால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு கிராம் மலத்தில் 2,000 கொக்கிப்புழு முட்டைகளுக்குக் குறைவாக இருந்தால் அது லேசான தொற்று என்பது இப்போதைய வரையறை.

மலையின் மேல்பகுதிக்குப் போவோம். உங்கள் பையன் குன்னூரில் இருக்கிறான். அவனைப் பொறுத்தவரை எனக்குக் கொக்கிப்புழுவைவிட ஜியார்டியாவும் கீரிப்பூச்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஜியார்டியா ஒரு கூட்டுக்குள் அடங்கி மலத்தில் வெளியேறும் வடிவத்தை உறை என்பார்கள். இந்த உறைகள் குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். பத்து இருபது உறைகள் உள்ளே போனாலே போதும், தொற்று வந்துவிடும். வழக்கமான அளவு குளோரினுக்கு அவ்வளவாக அசராது. மலையில் பல வீடுகளுக்குத் தண்ணீர் வருவது எப்படி என்று பார்த்திருப்பீர்கள். மேலே ஓர் ஊற்று அல்லது ஓடை. அங்கே கருப்பு ஹோஸ் குழாயின் வாயில் ஒரு துணியைச் சுற்றிக் கல்லை வைத்து அமுக்கியிருப்பார்கள். அதுதான் வடிகட்டி. அந்த ஓடைக்கு மேலே இன்னொரு குடியிருப்பு இருந்தால், பாறை காரணமாக ஆழமாகத் தோண்ட முடியாத கழிப்பறைக் குழிகள் அங்கே இருந்தால், மழை பெய்யும்போது என்ன கலக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, ஊற்றுத் தண்ணீர் என்று பெருமையாகக் குடிக்கிறோம்.

கொதிக்க வைத்தால் இது தீர்ந்தது. ஆனால் மலையில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த உயிரிகளைக் கொல்ல அந்தச் சூடே போதும் என்றாலும், 2,000 மீட்டருக்கு மேலே கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடச் சொல்கிறார்கள், கீழே ஒரு நிமிடம் போதும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மூன்று நிமிடக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலும் அப்படியே செய்துவிட்டால் காஸ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் கேரட். கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடங்களில் மூட்டை மூட்டையாக இயந்திரத்தில் உருட்டிக் கழுவி, பளபளவென்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவார்கள். மண் போய்விடும், அழகாக இருக்கும். ஆனால் கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அதன் சுத்தம். உருண்டைப்புழு முட்டை பிசுபிசுப்பானது, காயின் வேர் முடிகளில் ஒட்டிக்கொண்டால் சாதாரணமாக அலசினால் போகாது. உப்புத் தண்ணீரையும் வினிகரையும் நம்ப முடியாது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிச் சாப்பிட்டால் பயமில்லை. சமைத்தால் சந்தேகமே இல்லை. பச்சையாகத் தின்னும் முட்டைக்கோஸ், கீரை வகைகளில்தான் எனக்குச் சங்கடம், அவற்றைச் சீவ முடியாது. மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும் பன்றி நாடாப்புழுவின் முட்டையும் மனித மலம் பட்ட இப்படிப்பட்ட காய்கறி, தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. பன்றி இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் அது வரக் காரணம் இதுதான்.

அமீபா பற்றி ஒரு வார்த்தை. "அமீபியாசிஸ்" என்று எழுதிய மலப் பரிசோதனைச் சீட்டு இல்லாத வீடே மலையில் இல்லையோ என்று எனக்குத் தோன்றும். நோய் உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டாலிடிகாவும், ஒன்றும் செய்யாத என்டமீபா டிஸ்பாரும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் வேறு வேறு இனம் என்று 1993இல் பிரித்து எழுதிய பிறகும் ஆய்வகச் சீட்டுகள் மாறவில்லை. பார்க்கும் உறைகளில் பெரும்பகுதி அந்த அப்பாவி ரகம்தான். பழைய அறிக்கைகளில் அமீபா இத்தனை சதவீதம் என்று பார்த்தால் பாதிக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் நான் படிப்பேன். ரத்தமும் சளியும் போகாமல், வெறும் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு நான்கு தடவை மெட்ரோனிடசோல் சாப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கீரிப்பூச்சிக்கு உயரமும் குளிரும் பொருட்டில்லை. அது ஒரு குழந்தையின் நகத்தில் இருந்து இன்னொரு குழந்தைக்கும், படுக்கை விரிப்பு வழியாகவும் பரவும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிப் பள்ளிகளிலும் வரும், பழங்குடிக் குழந்தைகளின் உறைவிடப் பள்ளிகளிலும் வரும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. காலையில் கழுவுவதற்கு முன் ஆசனவாயில் செலோடேப்பை ஒட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே எந்தக் கணக்கெடுப்பிலும் அது குறைத்தே காட்டப்படுகிறது. வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை சாப்பிட வேண்டும்.

பையனுக்கான பள்ளி மாத்திரை தேவையா என்றால், கொடுங்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியது, முதல் சுற்றில் சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு அரை மாத்திரை, அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. கடித்து மென்று சாப்பிட வேண்டும், முழுங்கக் கூடாது. காய்ச்சலோ வேறு உடம்பு சரியில்லாமலோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம், தேறிய பிறகு கொடுக்கலாம். குன்னூரில் உங்கள் பையனுக்குப் புழு இருக்க வாய்ப்பு குறைவு என்றாலும், விலை குறைந்த, பக்கவிளைவு அதிகம் இல்லாத மாத்திரை அது. பரவல் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடங்களில் ஒவ்வொருவரையும் சோதித்துக்கொண்டிருக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடுவது மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அணுகுமுறை. லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போய் கூடலூர் மண்ணில் வெறுங்காலோடு ஓடுகிறவன் என்றால் மாத்திரை இன்னும் அவசியம்.

மாத்திரையின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை நூற்றுக்கு 95 பேரிடம் ஒழிக்கும், கொக்கிப்புழுவை 80 பேரிடம், சாட்டைப்புழுவை 30 பேரிடம்தான். ஜியார்டியாவுக்கு ஒரு வேளை மாத்திரை போதாது. மண் மாறாவிட்டால் புழு திரும்பி வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு வருஷத்துக்குள் உருண்டைப்புழு பழைய அளவில் 94 சதவீதத்துக்கும் கொக்கிப்புழு 57 சதவீதத்துக்கும் திரும்பிவிட்டன.

இப்போது உங்கள் அம்மா. தமிழ்நாட்டில் குழந்தைகளோடு 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். 52 வயதில் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கொக்கிப்புழு அதிகம் இருக்கும் வயது, வேலை, ஊர் மூன்றும் அவருக்குப் பொருந்துகின்றன, மாத்திரை மட்டும் வந்து சேரவில்லை. இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன்.

கணக்கைப் பாருங்கள். நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தத்தை வீணாக்கும். இன்னொரு வகையான அன்கைலோஸ்டோமா அதைப்போல் ஐந்து மடங்கு. நூறு நெக்கேட்டர் இருந்தால் தினமும் 3 மில்லி, மாதம் 90 மில்லி. ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கிற ஒருவரிடமிருந்துகூட அதோடு தினமும் ஒரு மில்லிகிராம் அளவு இரும்பு குடலுக்குள் கசிகிறது. அதில் கொஞ்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், நாம் சாப்பாட்டில் இருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதே ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். மேலே இரும்பு மாத்திரையை ஊற்றிக்கொண்டே இருந்தாலும் கீழே ஒழுகினால் எப்படி ஏறும்?

ஆனால் எல்லாப் பழியையும் புழுமேல் போட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் அதிகப்படியான ரத்தப்போக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இரும்பை உறிஞ்ச விடாது, மலையில் இது யாருக்கு இல்லை! நீங்கள் பணியர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிச் சமூகம் என்றால் அரிவாள் செல் ரத்தசோகைச் சோதனையும் அவசியம். இந்தியாவில் அந்த நோயின் மரபணுவை முதலில் கண்டுபிடித்து 1952இல் எழுதியதே நீலகிரிப் பழங்குடியினரிடம் எடுத்த ரத்தத்தில் இருந்துதான். கூடலூர் பழங்குடியினர் மருத்துவமனையான அஸ்வினியில் இந்த நோயை நன்றாகவே பார்க்கிறார்கள். அரிவாள் செல் நோய் இருப்பவருக்கு இரும்பை அள்ளிக் கொடுப்பது தவறாகக்கூடப் போகலாம். 50 வயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்தால் குடலில் வேறு கசிவு இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பதும் முறைதான்.

டாக்டரிடம் போகும்போது ஹீமோகுளோபின், ரத்தத் தடவல், ஈசினோஃபில் எண்ணிக்கை, மலப் பரிசோதனை இவற்றைக் கேளுங்கள். மலம் காலையில் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி. முட்டைகளை ஒன்றுதிரட்டிப் பார்க்கும் செறிவூட்டும் முறையில் பார்க்கச் சொல்லுங்கள், வெறும் உப்புத் தண்ணீர்த் தகட்டில் லேசான தொற்று தப்பிவிடும். நுரையீரல் கோளாறு, மூட்டுவலி என்று ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் உள்ளே இருந்தால் ஸ்டீராய்டோடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்கு அல்பெண்டசோலைவிட ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. கொக்கிப்புழு என்று உறுதியானால் மாத்திரையும், கூடவே இரும்புச்சத்தை மாதக்கணக்கில் தொடர்வதும் வேண்டும். புழு போன உடனே ரத்தம் ஊறிவிடாது. "முட்டை எதுவும் காணப்படவில்லை" என்று சீட்டு வந்தால், அம்மா கடைசியாகப் பூச்சி மாத்திரை சாப்பிட்டு எத்தனை வாரம் ஆனது, மாதிரி கொடுத்து எத்தனை மணி நேரம் கழித்துத் தகட்டைப் பார்த்தார்கள், இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அந்தச் சீட்டை நம்புங்கள்.